வண்டிக்குக் குறுக்கே போட்ட தண்டவாளம்

சௌரிராஜன் தண்டவாளம் போட்டது ரயில் ஓட்டுவதற்காக அல்ல. தம்பி ரவிசங்கரின் வண்டி கொல்லைக்குள் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "அவன் வண்டி நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான். ரயிலெல்லாம் அப்புறம் வந்தது."

வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே இரண்டு தெரு தள்ளி இருந்தது அவர்கள் வீடு. அப்பா தறி போட்டுச் சம்பாதித்துக் கட்டியது. அவர் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தெற்குப் பாதி அண்ணனுக்கு, வடக்குப் பாதி தம்பிக்கு. பின்னால் நீளமாகக் கிடந்த கொல்லையும் கிணறும் இருவருக்கும் பொது. பாகப்பத்திரம் எழுதியவருக்கு இந்த அண்ணன் தம்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. தெரிந்திருந்தால் அந்தப் 'பொது' என்ற வார்த்தையை எழுதியிருக்க மாட்டார்.

சௌரிராஜன் முனிச்சாலையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கிய ஆள். வாயைத் திறப்பது குறைவு; திறந்தால் எதிரே நிற்பவன் அன்று சோறு இறங்காமல் அவதிப்படுவான். ரவிசங்கர் சுங்குடிச் சேலை வியாபாரி. சிரித்துக்கொண்டே காரியம் முடிக்கிறவன். வியாபாரம் பெருகி, தொண்ணூற்றெட்டில் ஒரு லோடு வண்டி வாங்கினான். அதைத் தெருவில் நிறுத்தாமல், பின்சந்து வழியாகக் கொல்லைக்குள் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். அண்ணன் மனைவி சீதாலட்சுமி வைத்திருந்த கனகாம்பரப் பாத்தி முதல் நாளே டயருக்கு அடியில் போனது.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் பேச்செல்லாம் சொந்த பாஷையில்தான். ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை என்று வந்துவிட்டால் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். சண்டை தெருவுக்குப் புரிய வேண்டும் அல்லவா?

"என் பொண்டாட்டி வச்ச பூச்செடிய நசுக்கிட்டு வண்டிய நிப்பாட்டியிருக்க. கண்ணு எங்கடா இருக்கு?"

"பொது எடம்ணே. ஒன் பங்கு எது, என் பங்கு எதுன்னு கோடு போட்டா வச்சிருக்கு?"

சௌரிராஜன் ஆட்டுக்கல்லை உருட்டிவந்து வழியில் போட்டார். ரவிசங்கர் ஆள் வைத்து அதைச் சுவரோரம் தள்ளினான். தகர டிரம்மில் மண்ணை நிரப்பி வைத்தார். வண்டி அதை இடித்துச் சாய்த்தது. தினமும் விடிந்ததும் அந்த வண்டி பின்னால் நகரும்போது ஒரு பாட்டுச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சௌரிராஜன் பல் விளக்கினார்.

ஒருநாள் சிலைமானில் ஒரு ரைஸ்மில் மோட்டாரைப் பார்க்கப் போனவர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். அப்போது ராமேஸ்வரம் பாதை மீட்டர்கேஜ்தான். கேட் மூடிக் கிடந்தது. லாரி, பஸ், வைக்கோல் வண்டி எல்லாம் வரிசையாக நின்றன. டீசல் எஞ்சின் ஒன்று நீளமான மூக்கை நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், உறுமியபடி கடந்துபோனது. அது போய் முடியும்வரை ஹாரன் அடிக்கக்கூட ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. சௌரிராஜன் சைக்கிளைப் பிடித்தபடி அந்த லாரிக்காரர்களின் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தேவையானது அங்கே இருந்தது.

ரயில் என்பது அவருக்குப் புதிய ஆசையும் அல்ல. இளவயதில் ரயில்வேயில் டீசல் எஞ்சின் உதவியாளர் வேலைக்கு எழுதித் தேறியவர். கடைசி நேரத்தில் அது கைவிட்டுப் போயிற்று. சிபாரிசு இல்லாததால் கிடைக்கவில்லை என்று சீதாலட்சுமியிடம் சொல்லியிருந்தார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

மறுவாரமே கொல்லையில் தண்டவாளம் முளைத்தது. கண்ணாடி அலமாரிக்குப் போடும் அலுமினியப் பட்டைகள். பழைய தறியைப் பிரித்தபோது பரணில் போட்டுவைத்த மரத்துண்டுகளை அறுத்துச் செய்த கட்டைகள். மூன்று விரல் அகலப் பாதை. கிணற்றைச் சுற்றி, தென்னையைச் சுற்றி, சரியாகப் பின்வாசலுக்குக் குறுக்கே போய் வளைந்து திரும்பியது. ஓட்டுவதற்கு எஞ்சின் இல்லை. வெறும் தண்டவாளம்.

ரவிசங்கர் அதைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வண்டியை ஏற்றினான். அலுமினியம் அப்பளம்போல் நசுங்கியது.

"ரயிலு வரட்டும்ணே, கேட்டு போட்டுக்கிருவோம்" என்றான்.

அந்த வார்த்தைதான் சௌரிராஜனை எஞ்சின் செய்ய வைத்தது.

காசைக் கொட்டிச் செய்ய அவரிடம் ஒன்றுமில்லை. கடை வருமானம் குடும்பத்துக்கே இழுபறி. ஆகவே காயலான் கடைகளில் குனிந்து கிடந்தார். மிக்ஸி மோட்டார் அவர் கடையில் கூடை கூடையாகக் கிடந்தது. ஆனால் அது பேய்வேகம் சுற்றும், வீட்டுக் கரண்டும் கேட்கும். தோட்டத்து ஈரத்தில் அதை ஓட்டினால் சாவுதான். டேப் ரெக்கார்டர் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். வெறும் சட்டத்தை இழுத்தது, மேலே கூடு ஏறியதும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. கடைசியில் பழைய அம்பாசிடர் காரின் வைப்பர் மோட்டார் ஒன்று அகப்பட்டது. மழைத்தண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் பழகிய மோட்டார். வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம் அதற்குள்ளேயே இருந்தது. மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை அதிகம். டீசல் எஞ்சினுக்கு வேறென்ன வேண்டும்?

சக்கரத்துக்குக் கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாயின் லேத் பட்டறைக்குப் போனார். பட்டறையில் வெட்டி எறிந்த இரும்புத் தண்டின் மிச்சத்திலிருந்து வட்டு வட்டாகக் கடைந்து தரச் சொன்னார்.

"என்னா மிசினுக்குண்ணே?"

"ரயிலு எஞ்சினுக்கு."

"பேரப்பிள்ளைக்கா?"

"தம்பிக்கு."

சிக்கந்தர் பாய் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் சக்கரத்தின் உள்பக்கம் விளிம்பை எவ்வளவு உயரம் விடுவது, எவ்வளவு சாய்வு கொடுப்பது என்று இருவரும் டீ ஆறும்வரை வாதாடினார்கள். சௌரிராஜன் சொன்ன அளவில் கடைந்தது வளைவில் ஏறி வெளியே விழுந்தது. பாய் சொன்ன அளவில் கடைந்தது விழவில்லை. அதை சௌரிராஜன் ஒப்புக்கொள்ளவில்லை. மறுமுறை போனபோது பாயின் அளவையே எழுதிக் கொடுத்தார்.

கடலை எண்ணெய் டின்னை வெட்டி எஞ்சினின் கூட்டைச் செய்தார். ஓட்டுநர் அறை ஒரு கோடிக்கு நெருக்கமாக, முன்னால் நீண்ட மூக்கும் பின்னால் குட்டை மூக்குமாக, சிலைமானில் பார்த்ததைப் போலவே. கைப்பிடிக் கம்பிகளுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ். காற்றுப் போகும் வலைக்குக் கொசுவலைக் கம்பி. ஜன்னலுக்கு, பழைய எக்ஸ்ரே பிலிமைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்த தெளிந்த தகடு. யாருடைய நெஞ்செலும்போ கழுவப்பட்டு எஞ்சினுக்குக் கண்ணாடியானது.

ஆறு ஜோடிச் சக்கரத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டிச் செய்த முதல் எஞ்சின் நேர்ப்பாதையில் ராஜாபோலப் போய், வளைவு வந்ததும் கட்டையாக நின்றது. பிரித்தார். முன்னால் ஒரு சக்கரச் சட்டம், பின்னால் ஒன்று, இரண்டும் தனித்தனியாக நடு ஆணியில் திரும்பும்படி மாற்றினார். ஒவ்வொன்றிலும் நடு ஜோடிச் சக்கரத்துக்கு மட்டும் விளிம்பை வழித்து எடுத்துவிட்டார். இப்போது அது வளைவில் பாம்புபோல் நெளிந்து திரும்பியது. தண்டவாளத்தில் கரண்ட் விட்டு ஓட்டும் யோசனையையும் கைவிட்டார். தென்னம்பூவும் தூசியும் விழுந்து அடைத்தால் எஞ்சின் படுத்துவிடும். பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றை எஞ்சினுக்குள்ளேயே வைத்தார். பேட்டரியின் கனத்தில் சக்கரம் வழுக்காமல் பிடித்தது.

அலுமினியத்துக்குப் பதில் ஜன்னல் கிரில்லுக்குப் போடும் இரும்புப் பட்டை. அதையும் தரையில் போடவில்லை. வண்டி ஏற முடியாதபடி செங்கல் தூண் கட்டி, முழங்கால் உயரத்தில் பாலம்போல் கொண்டுபோனார். பின்வாசலுக்கு நேராக இரண்டு தூண்களைக் கூடுதலாகவே கட்டினார்.

எஞ்சின் முதன்முதலாகக் கொல்லையை முழுச் சுற்றுச் சுற்றிவந்தபோது, ரவிசங்கரின் வண்டி பின்சந்தில், வாசலுக்கு வெளியே நின்றது. உள்ளே வர முடியாது. சௌரிராஜன் கிணற்று மேடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். தம்பியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தார். ஆனால் வளைவு திரும்பும்போது எஞ்சின் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். ரவிசங்கர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனது அவருக்குக் காதில் மட்டும்தான் விழுந்தது.

அதன்பிறகு கொல்லை போர்க்களமானது. ரவிசங்கரின் மனைவி தேவிகா தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தூண்களின் அடியில் ஊற்றினாள், மண் இளகட்டும் என்று. சௌரிராஜன் சிமெண்ட் பூசினார். அவள் அடுப்புச் சாம்பலைத் தண்டவாளத்தின் மேல் கொட்டினாள். அவர் எஞ்சினுக்கு முன்னால் ஒரு சின்னத் துடைப்பத்தைக் கட்டினார். சாம்பல் அவர்கள் பக்கமே பறந்தது.

பிறகு தேவிகா புது வழி கண்டுபிடித்தாள். சாயம் போட்டு முடிச்சு அவிழ்த்த சுங்குடிச் சேலைகளை, பாலத்தின் மேலேயே, தண்டவாளத்தை மூடி உலர்த்தினாள். வெளியூர்க் கடைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. காலையில் போட்டால் சாயங்காலம்வரை எடுக்க மாட்டாள்.

"சேலைய எடுக்கச் சொல்லு" என்றார் சௌரிராஜன், தம்பியிடம்.

"பொது எடம். காயப் போட்டிருக்கு."

"ரயிலு வரும்."

"வரட்டுமே. நிப்பாட்டத் தெரியாதா ஒனக்கு?"

நிறுத்தத் தெரியும். எஞ்சினின் குட்டை மூக்குக்குள் ஒரு சுவிட்ச் இருந்தது. சௌரிராஜன் அதைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வளைவுக்கு அப்பால் சேலைகள் தொங்குவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நடந்துபோய் நிறுத்த நேரமும் இருந்தது. அவர் நகரவில்லை.

எஞ்சின் முதல் சேலையை மூக்கில் அள்ளிக்கொண்டு போனது. இரண்டாவதும் சேர்ந்து சக்கரத்தில் சுற்றியது. இழுத்துப் பார்த்து, உறுமி, அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்து சேலைக் குவியலோடு கீழே விழுந்தது. உள்ளே இருந்த பேட்டரி உடைந்து அமிலம் கொட்டியது. சேலைகளில் கண்ணெதிரே ஓட்டை விழுந்தது. தேவிகா ஓடிவந்து ஒரு முந்தானையைத் தூக்கினாள். தூக்கிய துணி அவள் கையிலேயே நைந்து விட்டுக்கொண்டது.

அந்தச் சேலைகளுக்கு முடிச்சுப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. கொள்ளை கொள்ளையாகப் பொடி முடிச்சுகள்.

ரவிசங்கர் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தான். தரையில் கிடந்த எஞ்சினை ஓங்கி ஓங்கி அடித்தான். எண்ணெய் டின் நசுங்கியது. எக்ஸ்ரே ஜன்னல் தெறித்தது. சௌரிராஜன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். தெரு ஆட்கள் வந்து விலக்கினார்கள். அண்ணனின் நெற்றியில் ரத்தம். தம்பியின் சட்டையில் பாதி அண்ணன் கையில்.

சௌரிராஜன் அன்றே வேறொரு காரியமும் செய்தார். கிணற்று மோட்டார் பொதுவானது. அதிலிருந்து தம்பி வீட்டுத் தொட்டிக்குப் போகும் குழாயின் வால்வை அடைத்து, கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல கோடை. தேவிகா இடுப்பில் குடத்தோடு தெருக்குழாயில் நின்றாள். தெரு முழுக்க அதைப் பார்த்தது. சௌரிராஜனும் பார்த்தார், பார்ப்பதற்கென்றே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சீதாலட்சுமி அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அவர் கடைக்குப் போனபிறகு சுவருக்கு மேலாகக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே இருவருக்கும் திட்டு விழுந்து, வால்வின் கைப்பிடி திரும்பி வந்தது. ஆனால் ரவிசங்கர் விடவில்லை. பொதுக் கொல்லையை அண்ணன் ஆக்கிரமித்துக் கட்டடம் கட்டியிருக்கிறார் என்று கோர்ட்டில் வழக்குப் போட்டான்.

வழக்கு நடந்த காலத்தில் சௌரிராஜன் எஞ்சினை மறுபடியும் செய்தார். நசுங்கிய கூட்டை மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். கிழிந்த இடத்தில் வேறு தகரம் வைத்துப் பற்ற வைத்தார். அமிலம் கொட்டாத, மூடிய பேட்டரி ஒன்றைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் தூக்கிப் போடும்போது கேட்டு வாங்கினார். பெயிண்டும் அடித்தார். முதல் எஞ்சினுக்குச் சீதாலட்சுமிதான் டின்னை எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை அவளிடம் கேட்கவில்லை; அவளும் வரவில்லை. தானே அலமாரியிலிருந்து டின்னை எடுத்துப் பூசி முடித்தார். பூசும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்து, இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. இளம் வயது வக்கீல். டேப்பும் ஆளுமாக ஒரு காலை நேரத்தில் கொல்லைக்கு வந்தார். தெருவில் பாதி, சுவர் மேலும் சந்திலுமாக நின்றது. தூண்களின் உயரம், இடைவெளி, வாசலின் அகலம் எல்லாவற்றையும் அளந்தார்கள். கமிஷனருக்கு எஞ்சின் மேல் ஒரு கண் இருந்தது.

"ஓடுமா சார் இது?"

சௌரிராஜன் சுவிட்சைப் போட்டார். எஞ்சின் கிளம்பி, பின்னால் இரண்டு தகரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றியது. சுவர் மேல் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கமிஷனர் டேப்பை மறந்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "நீங்களே செஞ்சதா? வெளியில வாங்கலியா?" என்று இரண்டுமுறை கேட்டார். சௌரிராஜனின் முகத்தில், வெகுகாலத்துக்குப் பிறகு, கோபமல்லாத ஏதோ ஒன்று வந்தது.

ரவிசங்கரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், அந்த எஞ்சின் என்ன கலருன்னு அவருகிட்ட கேளுங்க" என்றான்.

"எதுக்கு?"

"கேளுங்க சார். சும்மா."

சௌரிராஜன் தம்பியைப் பார்த்தார். "பச்சை" என்றார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எஞ்சினின் பாதிதான் பச்சை. ஒட்டுப்போட்ட இடங்களும் ஓட்டுநர் அறையும் நல்ல சிவப்பு. ஒரு டின் தீர்ந்ததும் அலமாரியிலிருந்து அடுத்த டின்னை எடுத்துப் பூசியிருந்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே சேற்று நிறம்.

"இவருக்குச் செகப்பும் தெரியாது பச்சையும் தெரியாது சார். ரயில்வேல டாக்டரு கண்ணப் பாத்துட்டு வெளிய அனுப்பிச்சிட்டாரு. திருச்சிக்கு நாந்தான் கூடப் போனேன். சிக்னலு தெரியாத ஆளு என் வாசல்ல ரயிலு விடுறாரு."

அந்த நாளில் திருச்சியிலிருந்து திரும்பிவரும்போது ரவிசங்கருக்கு மீசைகூட முளைக்கவில்லை. 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று ரயிலிலேயே அண்ணன் கையில் அடித்துச் சொன்னான். அதைக் காப்பாற்றியும் வந்தான். இத்தனை வருடச் சண்டையில், எவ்வளவோ அசிங்கமாகத் திட்டியும், அவன் தொடாமல் வைத்திருந்த ஒரே இடம் அது.

கமிஷனர் சங்கடப்பட்டு, "அதெல்லாம் இதுல வராதுங்க" என்று தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சௌரிராஜன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கையால் பிடித்துத் தூக்கினார். சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டேயிருந்தன. அப்படியே வீட்டுக்குள் போய்விட்டார்.

உள்ளே சீதாலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீ பாத்தியா? பெயிண்ட் அடிச்சப்பவே பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லலியே?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல. அந்தப் பொண்ண கொடம் தூக்க வச்சு வேடிக்கை பாத்தீங்கள்ல? நாலு பேரு சிரிக்கட்டும்னு விட்டேன்." தண்ணீரை வடித்தாள். பிறகு, "கண்ணு விஷயமும் எனக்கு எப்பவோ தெரியும். கல்யாணத்துக்கு எடுத்த செகப்புப் பட்ட, பச்சை நல்லாருக்குன்னீங்க. சிபாரிசு கதைய நான் என்னைக்கு நம்புனேன்?" என்றாள்.

தீர்ப்பு ரவிசங்கருக்குச் சாதகமாக வந்தது. தூண்களை அகற்ற வேண்டும், கொல்லை இருவர் புழக்கத்துக்கும் திறந்திருக்க வேண்டும். சௌரிராஜன் மேல்முறையீடு செய்யவில்லை. ஆளும் வைக்கவில்லை. அவரே சம்மட்டி எடுத்து ஒவ்வொரு தூணாக உடைத்தார். ரவிசங்கர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தான். உடைத்து முடித்ததும் வண்டியைக் கொண்டுவந்து நடுக்கொல்லையில் நிறுத்தினான்.

சௌரிராஜன் தன் பாதி வீட்டை விற்க முடிவு செய்தார். வாங்கக் கேட்டவர்களில் இரண்டு பேர் நல்ல குடும்பஸ்தர்கள், அதே தெருக்காரர்கள். அவர் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வெள்ளைத்துரை என்கிற தண்ணீர் லாரிக்காரனைத் தேடிப் போய், அவன் கேட்ட விலைக்கே கொடுத்தார். வெள்ளைத்துரைக்கு மூன்று லாரிகள் இருந்தன. குரல் அந்த மூன்றுக்கும் சேர்த்து இருந்தது.

"கொல்லை பொதுதானே? வண்டி நிப்பாட்டலாம்ல?" என்று கேட்டான் அவன்.

"கோர்ட்டே சொல்லியிருக்கு. தாராளமா நிப்பாட்டு" என்றார் சௌரிராஜன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் முனிச்சாலைக் கடையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகக் கேள்விப்பட்டார். லாரிகள் கொல்லையை நிறைத்தன. ரவிசங்கரின் வண்டி மறுபடியும் சந்துக்குப் போனது. டிரைவர்கள் கிணற்று மேடையில் குளித்தார்கள், சீட்டாடினார்கள். தேவிகா பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். சேலை உலர்த்த இடமில்லை. கேட்கப் போன ரவிசங்கரை வெள்ளைத்துரை தோளில் கைபோட்டு அழைத்துப் போய், "என்னா மாப்ள, பொது எடம்தானே?" என்றானாம். இதைக் கேட்ட அன்று சௌரிராஜன் இரண்டு டீ வாங்கிக் குடித்தார். அந்தச் சந்தோஷம் உண்மையானது; அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நெடுநாள் தாங்கவில்லை. ஒரு வருடத்துக்குள் ரவிசங்கரும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஆரப்பாளையம் பக்கம் வாடகைக்குப் போனான். அப்பாவின் வீடு லாரி ஷெட்டானது. முன்சுவரை இடித்து வாசலை அகலப்படுத்தினார்கள் என்று கேட்டபோது சௌரிராஜன் அன்று கடையைச் சீக்கிரமே அடைத்தார்.

சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் இருவரும் கைகழுவும் இடத்தில் நேருக்கு நேர் பட்டுவிட்டார்கள்.

"அப்பா வீட்ட லாரிக்காரன்ட்ட குடுத்துட்டியே" என்றான் ரவிசங்கர்.

"நீயுந்தானே குடுத்த."

"நீ குடுத்ததால குடுத்தேன்."

"நீ என் கண்ணப் பத்திப் பேசுனதால குடுத்தேன்."

தமிழில்தான் பேசினார்கள். பிறகு ஆளுக்கொரு பந்திக்குப் போனார்கள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

சௌரிராஜன் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, வயலை மனையாக்கி விற்ற இடத்தில், ஓட்டு வீடு ஒன்று கட்டிக் குடிபோனார். சுற்றிலும் காலி மனைகள். முள்வேலிக்குள் சீதாலட்சுமி பப்பாளியும் கத்தரியும் வைத்தாள். பொது என்று ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. அங்கேயும் அவர் தண்டவாளம் போட ஆரம்பித்தார். வேலை ஓடவில்லை. பட்டைகளை வெட்டி அடுக்கி வைத்துவிட்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டார். வண்டியூரில் வளைவு எங்கே வர வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை; ரவிசங்கரின் வண்டி எங்கே வருமோ அங்கே வர வேண்டும். இங்கே எதை மறிப்பது?

"பேசாம இரும்பு வெலைக்குப் போட்டுருங்க. கால்ல குத்துது" என்றாள் சீதாலட்சுமி.

"போட மாட்டேன்."

"அப்ப எடத்தச் சொல்லுங்க, கத்தரிய அங்கிட்டு வைக்கிறேன்."

அப்படியும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சிக்கந்தர் பாய்தான், மலைத் தர்காவுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்து, கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வளைவு வளைவாப் போட்டு எஞ்சின நீங்க நேரா ஓட விட்டதே இல்ல. பாவம்ணே அது" என்றார். சௌரிராஜன் முறைத்தார். ஆனால் மறுநாள் வேலியோரமாக, மனையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, நூல் பிடித்து நேர்ப்பாதை போட்டார்.

புது எஞ்சின் ஒன்றும் செய்தார். பழைய வைப்பர் மோட்டார்தான், கூடு மட்டும் புதிது. பெயிண்ட் டின்களின் மேல் சீதாலட்சுமி கரியால் 'ப', 'சி' என்று எழுதி வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அதன்படியே பூசினார். தூண் கட்டவில்லை, தரையோடு தரையாகவே போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அதை முதலில் ஓட்டினார். மறுகோடியில் எஞ்சினை வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டு, இந்தக் கோடிக்கு வேகமாக நடந்து வந்து, வேட்டியை மடித்துக்கட்டித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். கண்ணும் தண்டவாளமும் ஒரே மட்டம். தூரத்தில் சின்னதாகத் தெரிந்த மூக்கு, மெதுவாக, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அடியில் கட்டைகள் தடதடத்தன.

"யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? எந்திரிங்க" என்றாள் சீதாலட்சுமி, கத்தரிப் பாத்தியிலிருந்து.

அவர் எழுந்திருக்கவில்லை. எஞ்சின் பப்பாளி மரத்தடிவரை வந்து, வேகம் குறைந்து, நின்றுவிட்டது. பேட்டரி பழசு, அதற்குமேல் தாங்கவில்லை. சௌரிராஜன் சற்று நேரம் அப்படியே கிடந்து அதைப் பார்த்தார். பிறகு எழுந்து, நெஞ்சில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நடந்துபோய் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சார்ஜுக்குப் போட்டார்.